கட்டுத்தறியா, லாய அறையா, திறந்த பட்டியா: குதிரையை எங்கே நிறுத்துவது?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். சுழி பார்ப்பார்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைத் தூக்கிக் குளம்பு பார்த்து, விலைக்கு அரை நாள் பேசுவார்கள். கொண்டுபோய் எங்கே நிறுத்தப்போகிறோம் என்ற பேச்சு மட்டும் வண்டியில் ஏற்றும்போதுதான் வரும். “மாட்டுக் கொட்டாயில ஒரு மூலை காலியா இருக்குதுங்க, அது போதும்” என்பதோடு அது முடிந்தும் விடும்.

குதிரையின் தலையெழுத்தில் பாதியை அந்த மூலைதான் எழுதுகிறது. ஆள் கிட்டே வந்தால் கடிக்கிறதா, வயிற்றுவலியில் அடிக்கடி புரளுகிறதா, ஏறி உட்கார்ந்தால் சொன்னபடி கேட்கிறதா என்பதெல்லாம் சாதியையும் சுழியையும் விட, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அது எங்கே, யாரோடு, எதை மென்றுகொண்டு கழிக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் வழிகள் நான்கு: கட்டுத்தறியில் கட்டுவது, தனி லாய அறையில் அடைப்பது, அறையில் வைத்துத் தினமும் சில மணி நேரம் அவிழ்த்து விடுவது, வேலி போட்ட நிலத்தில் நிழல் கொட்டகையோடு இரண்டு மூன்று குதிரைகளைச் சேர்த்து விடுவது. என் கட்சி நான்காவது. ஆனால் எல்லோராலும் அது முடியாது என்பதும் தெரியும். அதனால் நான்கையும் பார்ப்போம்.

குதிரை மாடு அல்ல

நம்மிடம் இருக்கும் பழக்கமெல்லாம் மாட்டுப் பழக்கம். மாடு மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து படுத்து, மணிக்கணக்கில் அசைபோடும். கட்டியிருந்தாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அந்த இரைப்பையில் அமிலம் இரவு பகல் என்று பார்க்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கிற எச்சிலோ வாய் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று மாட்டுக்குப் போடுவதுபோல் போட்டால், நடுவில் இருக்கும் நேரமெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம். பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் அவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். விட்டுவிட்டால் குதிரை ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை மேயும். அதுதான் அதன் உடம்பு கேட்கிற கணக்கு.

மேய்வது என்றால் நடப்பதும் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் நடக்கின்றன. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குளம்பு ரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது, குடலும் அசைகிறது. நாள் முழுக்க நின்ற குதிரையின் கால்கள் காலையில் கணுவுக்கு மேல் வீங்கியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் நடத்தினால் வடிந்துவிடும்.

அடுத்தது துணை. குதிரை கூட்டத்தில் பிழைத்த பிராணி. ஒன்று படுத்தால் ஒன்று நின்று காவல் பார்க்கும். இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் பிடரியை ஒன்று பல்லால் சொறிந்துவிடும். அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாமும் பிரஷ்ஷால் தேய்க்கலாம், விரலால் சொறியலாம். ஆனால் நாம் ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் அங்கே இருப்போம்.

குதிரை நின்றபடியே தூங்கிவிடும் என்பது பாதி உண்மை. லேசான தூக்கத்தை நின்றபடி முடித்துக்கொள்ளும். கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்துக்கு உடம்பின் தசை எல்லாம் தளர வேண்டும், அதற்குப் படுத்தாக வேண்டும். நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் படுக்க இடமும், படுத்தால் ஆபத்தில்லை என்ற தைரியமும் வேண்டும். அது இல்லாத குதிரை நின்றபடியே ஆழ்ந்து தூங்கப்போய் முன்னால் மடிந்து விழும். முன்னங்கால் முட்டியிலோ கணுவின் முன்பக்கத்திலோ ஆறி ஆறிப் புண்ணாகும் காயம் இருந்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும்.

கட்டுத்தறி

தலைக்கயிறு முன்னால் முளையில், பின்னங்கால் கயிறு பின்னால் முளையில். நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் முறை. செலவு கிடையாது, இடம் கேட்காது, ஆண் குதிரையையும் அடக்கி நிறுத்தலாம். இவ்வளவுதான் இதற்குச் சாதகம், இவை மூன்றும் நமக்குச் சாதகம்.

குதிரையின் பக்கம் பாருங்கள். திரும்ப முடியாது. பின்னால் என்ன சத்தம் என்று பார்க்க முடியாது; ஓடிப் பிழைக்கிற பிராணிக்கு இதைவிடப் பெரிய அச்சம் இல்லை. கயிறு குட்டையாக இருந்தால் தலையைத் தரையில் வைத்துப் படுக்க முடியாது, நீளமாக விட்டால் காலில் சிக்கும். குளம்புக்கு மேல் கயிறு அறுத்த தழும்பு உள்ள குதிரைகளைச் சந்தையில் வரிசையாகப் பார்க்கலாம். கொசுவும் ஈயும் கடித்தால் தள்ளிப்போக வழியில்லை. நின்ற இடத்திலேயே சாணமும் சிறுநீரும், அதனால் குளம்பின் அடியில் அழுகல்.

சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் குதிரையைக் கட்டிவைத்தே வளர்ப்பதைத் தடை செய்தன. ஏற்கெனவே கட்டி வைத்திருந்தவர்களுக்கு 2013 வரை அவகாசம் கொடுத்தார்கள். நம் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவும், அநியாயத்துக்குக் குட்டையான கயிற்றிலோ சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. தீவனம் வைக்கும்போது, லாடம் அடிக்கும்போது, மருத்துவர் பார்க்கும்போது கட்டலாம், கட்டவும் பழக்க வேண்டும். குதிரை வாழும் இடமாகக் கட்டுத்தறியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லை என்றால், குதிரை வாங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் நியாயம்.

லாய அறை

கொஞ்சம் வசதி வந்ததும் எல்லோரும் கட்டுவது இதைத்தான். பார்க்க அழகாக இருக்கும், குதிரைமேல் வெயில் மழை படாது, மேலே சேறு ஒட்டாது, திருட்டு பயம் குறைவு. உடம்பு சரியில்லாத குதிரையைத் தனியே வைத்துக் கவனிக்கவும் ஏற்றது.

அளவுக்கு ஜெர்மானியர்கள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். குதிரையின் தோள் உயரத்தை இரண்டால் பெருக்கி, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் அறையின் பரப்பு. மார்வாரிக் குதிரை ஒன்று 152 சென்டிமீட்டர் உயரம் என்றால் 3.04 மீட்டருக்கு 3.04 மீட்டர், அதாவது 10 அடிக்கு 10 அடி. இது குறைந்தபட்சம், படுத்து, புரண்டு, சுவரில் கால் மாட்டாமல் எழ இவ்வளவு வேண்டும். 12க்கு 12 கட்ட முடிந்தால் கட்டுங்கள்.

ஆனால் அளவு மட்டும் குதிரையைக் காப்பாற்றாது. பிரான்சில் தனி அறைகளில் இருக்கும் குதிரைகளை நெடுநாள் கவனித்த ஆய்வில், ஜன்னல், வைக்கோல் படுக்கை போன்றவை ஓரளவுக்கு உதவின. ஆனால் அறைக்குள் செய்யக்கூடிய மாற்றங்களில் பெரும்பாலானவை குதிரையின் நிலையைப் பெரிதாக மாற்றவில்லை. அதே ஆய்வாளர்கள் அறைக் குதிரைகளைச் சில வாரம் கூட்டமாக மேய்ச்சலுக்கு விட்டுப் பார்த்தார்கள். முறைப்பும், சுவரைப் பார்த்து உறைந்து நிற்பதும் குறைந்தன. திரும்ப அறைக்குக் கொண்டுவந்ததும் பழைய நிலைக்கே போய்விட்டன. வருஷத்துக்கு ஒரு மாதம் தோட்டத்துக்கு அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அறைக்குள்ளேயே கிடக்கும் குதிரை என்ன செய்யும்? சாயங்காலம் தீவன வாளிச் சத்தம் கேட்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். கதவுக்கு மேல் கழுத்தை நீட்டி, இடது காலில் ஒரு தடவை, வலது காலில் ஒரு தடவை எடையை மாற்றி மாற்றி ஆடும். சிலது அறையின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடந்து தரையில் வட்டத் தடம் போட்டிருக்கும். இன்னும் சிலது கதவு விளிம்பில் மேல் பல்லை ஊன்றி, கழுத்துத் தசை புடைக்க, ஏப்பம்போல ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளிழுக்கும். அப்படிப்பட்ட குதிரையின் மேல் முன்பற்கள் தேய்ந்து குட்டையாகியிருக்கும், கதவுக் கட்டையும் பள்ளமாகியிருக்கும். குதிரை வாங்கும்போது சுழிக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். அது நின்ற இடத்தைப் போய்ப் பார்க்க முடிந்தால் கதவுக் கட்டையையும் பாருங்கள்.

இவற்றைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிக் கழுத்தில் இறுக்கமான வார் போடுகிறார்கள், கதவில் கம்பி வைக்கிறார்கள். செயல் நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். பக்கத்துக் குதிரை பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று தனியாகக் கொண்டுபோய் அடைப்பது இன்னும் மோசம். அப்படிக் கற்றுக்கொள்வதற்கு உறுதியான சான்று இல்லை, தனிமையோ அதன் நிலையைக் கெடுக்கும். பிரிட்டனில் 1990களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் வளர்ப்பு முறையை ஒப்பிட்டார்கள். புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் நாளைக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாகக் கிடைத்த குதிரைகளிலும், பக்கத்துக் குதிரையோடு தொடர்பில்லாத அறைகளில் இருந்தவற்றிலும் இந்தச் செயல்கள் அதிகம். இதே மாதிரி ஆடும் குதிரைகளின் அறையில் ஒரு கண்ணாடி மாட்டியபோது ஆட்டம் வெகுவாகக் குறைந்ததையும் பிரிட்டனில் பார்த்திருக்கிறார்கள். தன் உருவத்தையே துணையாக எடுத்துக்கொள்கிற அளவுக்கு அதற்குத் தனிமை. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஆக, அறைதான் ஒரே வழி என்றால் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரைக் கூரைவரை எழுப்பாதீர்கள். நெஞ்சு உயரம்வரை சுவர், மேலே கம்பி. முகர்ந்து பார்க்கவாவது முடியட்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தால் காற்றும் ஓடும், வெளியே பார்க்கவும் ஏதாவது இருக்கும். தீவனத்தை வலைப்பையில் போட்டு இரண்டு மூன்று இடத்தில் தொங்கவிட்டால் தின்னும் நேரம் நீளும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரத்தைக் கழித்த எடைக் கணக்கில், 5 முதல் 7 கிலோ நார்த்தீவனம் தினமும் வேண்டும். கொள்ளும் தவிடும் இந்தக் கணக்கில் சேராது.

தமிழ்நாட்டில் அறைக்கு இன்னொரு எதிரி வெயில். குதிரைக்கு இதமான வெப்பநிலை 5 முதல் 25 டிகிரி வரை. நமக்கு மார்கழி விடியலில்தான் அது கிடைக்கும். தாழ்வான தகர ஷீட்டுக்குக் கீழே, மூன்று பக்கமும் சுவர் வைத்த அறையில் சித்திரை மதியம் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கடலோர ஊர்களில், புழுக்கத்தில் நாள் முழுக்க வியர்த்து வியர்த்து, ஒரு கட்டத்தில் வியர்வை சுரப்பதே நின்றுபோகும் நோய் குதிரைகளுக்கு வருவதுண்டு. வெயிலில் ஓடி வந்தும் தோல் காய்ந்தே இருந்து, மூச்சு மட்டும் இரைத்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூடிய அறையில் சிறுநீரின் காரமும் வைக்கோல் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுப்பது தனிக் கதை. நீங்கள் குனிந்து தரைப்பக்கம் மூச்சு இழுத்தால் கண் எரிகிறது என்றால், படுத்திருக்கும் குதிரை ராத்திரி முழுக்க அதைத்தான் இழுக்கிறது.

அறையும் வெளியும்

ஊர் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருப்பவர்களுக்கு இது நடைமுறைக்கு ஒத்துவரும் சமரசம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சவாரியும் அவிழ்த்து விடுவதும் ஒன்றல்ல. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தாயிற்று என்று மீதி 23 மணி நேரம் அடைப்பவர்கள் ஏராளம். சவாரியில் குதிரை நாம் சொன்னபடி நடக்கிறது. அவிழ்த்து விட்டால்தான் புரளும், எட்டி உதைத்துத் துள்ளும், நினைத்த இடத்தில் நின்று மேயும். இரண்டும் வேண்டும். அதிலும் தனியாக விடுவதைவிட இன்னொரு குதிரையோடு விடுவதுதான் பலன் தரும். தனியாக விட்ட குதிரை பெரும்பாலும் வேலி ஓரமாக நடந்து கனைத்துக்கொண்டிருக்கும்.

நம் வெயிலுக்கு நேரத்தைத் திருப்பிப் போட வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை காலை எட்டு எட்டரைக்கு மேல் காற்றோட்டமுள்ள நிழலிலும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு விடியும்வரை வெளியிலும் விடுவது நல்லது. பாம்பு பயம், நாய் பயம், திருட்டு பயம் எல்லாம் வரும் என்பது தெரியும். வேலியைச் சுற்றிப் புதர் இல்லாமல் வைத்து, ஒரு விளக்கும் கேமராவும் போட்டுவிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். கடிக்கிற பொடிப் பூச்சிகள் மாலை மங்கும் நேரத்தில்தான் அதிகம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கொட்டகையில் மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவிட்டு அப்புறம் விடலாம். அந்தப் பூச்சிகளால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

திறந்த பட்டி

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளுக்காக நம் முன்னோர் பல தலைமுறையாகக் காத்துவந்த மேய்ச்சல் நிலம். குதிரைக்கு வெளிநாட்டுப் பண்ணைகள் இன்று பெரும் செலவில் உருவாக்க முயலும் இடத்துக்கு வெகு அருகில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடக்க இடம், நிழலுக்கு மரம், சுற்றிலும் உயிர்வேலி. கட்ட வேண்டியது ஒரு கொட்டகை மட்டும்: நீளவாக்கு கிழக்கு மேற்காக, உயரமான கீற்றுக் கூரை, சுவர் வேண்டாம், இரண்டு பக்கமும் வெளியேற வழி. ஒரே வாசல் வைத்தால் பலமான குதிரை வாசலில் நின்றுகொண்டு மற்றதை உள்ளே மடக்கிவிடும்.

இப்படி வளர்ந்த குதிரை பழக்கத்தில் எப்படி இருக்கும்? டென்மார்க்கில் இளம் ஆண் குதிரைகளைச் சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்து, ஒரே மாதிரி பழக்கினார்கள். கூட்டத்தில் வளர்ந்தவை பாடத்தில் வேகமாக முன்னேறின, தனியாக வளர்ந்தவை பழக்குபவரை அதிகமாகக் கடித்தன. இதில் ஆச்சரியம் இல்லை. கூட்டத்தில் மூத்த பெட்டைக் குதிரை காதை மடக்கினால் ஒதுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட குட்டிக்கு, மனிதன் சொல்லும் சின்னச் சைகையும் புரிகிறது.

“உதைத்துக்கொண்டு காலை முறித்துவிடும்” என்பதுதான் எல்லோரும் சொல்லும் மறுப்பு. பயம் நியாயமானது, ஆனால் ஓரளவுக்குத்தான். நார்டிக் நாடுகளில் கூட்டமாக இருக்கும் குதிரைகளின் காயங்களைக் கணக்கெடுத்தபோது பெரும்பாலானவை தோல் சிராய்ப்பும் முடி உதிர்வும்தான். பெரிய காயம் வருவது எப்போது என்றால், இடம் குறுகலாக இருக்கும்போது, தீவனம் ஒரே இடத்தில் இருக்கும்போது, அடிக்கடி புதுக் குதிரையைக் கொண்டுவந்து சேர்க்கும்போது. புதிதாக வந்ததை முதலில் ஒரு வாரம் பத்து நாள் நடுவில் வேலி வைத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். முகர்ந்து, கத்தி, காலைத் தட்டி முடிக்கட்டும். அப்புறம் இருப்பதிலேயே அகலமான இடத்தில், வயிறு நிறைந்த நேரத்தில், பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டுச் சேருங்கள். இரண்டு குதிரைக்கு மூன்று இடத்தில் சோளத்தட்டுப் போடுங்கள். கொள்ளு வைக்கும்போது மட்டும் இரண்டையும் தள்ளித் தள்ளி அரை மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். முள்கம்பி வேலி மட்டும் வேண்டவே வேண்டாம். பயந்து ஓடும் குதிரைக்கு அது கண்ணில் படாது, காலைக் கம்பியில் விட்டுவிட்டு இழுக்கும், தசை எலும்புவரை கிழிந்துவிடும். கிளுவை இல்லாத இடத்தில் கல்தூணில் பலகையோ, அகலப் பட்டை வைத்த சோலார் வேலியோ போடலாம். திறந்த பட்டியில் பணம் போக வேண்டியது வேலிக்குத்தான். அறைக்குத் தினமும் ஆகும் படுக்கை, கூட்டுகிற ஆள் செலவு இதில் குறையும்.

கொறங்காட்டில் ஒரு ஆபத்து உண்டு. பலருக்கும் தெரியாததால் விரிவாகவே சொல்கிறேன். கொழுக்கட்டைப் புல்லிலும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் அதிகம். அது தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும்; குதிரைக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் இந்தப் புல்லை மட்டுமே தின்றால், உடம்பு தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். காரணம் தெரியாத நொண்டல் வரும், பிறகு முக எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். தவிடு அதிகம் வைத்தால் அதில் உள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. தினமும் ஒரு பங்கு அதைச் சேர்த்து, மருத்துவரிடம் கேட்டுத் தாது உப்பும் கொடுத்தால் பயமில்லை. மணல் பாங்கான நிலம் என்றால் தட்டைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். புல்லோடு போகும் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். இன்னொன்று, குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் இருப்பதால் புல்லை ஒட்டக் கறித்துவிடும். நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விட வேண்டும். இடையில் மாட்டை விட்டால் புல்லில் இருக்கும் குதிரைக் குடற்புழுவின் இளம்புழுக்களை மாடு தின்று அழித்துவிடும், இரண்டுக்கும் லாபம். ஈ கடித்துப் பரவும் சர்ரா காய்ச்சலுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்துகொள்ளுங்கள். கட்டிப்போட்டாலும் திறந்து விட்டாலும் அது வரும்.

ஆண் குதிரை இருந்தால்

நம் ஊரில் காயடிக்காத ஆண் குதிரைதான் பெருமை. அதனால் கூட்டமாக விடுவது நடக்காத காரியம் என்று எல்லோரும் தள்ளிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் அவாஞ்ஷ் என்ற ஊரில் தேசியக் குதிரைப் பண்ணை இருக்கிறது. அங்கே இனவிருத்திக்கு வைத்திருந்த ஆண் குதிரைகளைப் பக்கத்தில் பெட்டை இல்லாத பெரிய மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக விட்டார்கள். முதல் சில நாள் கத்தலும், முன்னங்காலால் தரையை அடிப்பதும், சாணத்தை முகர்ந்து அதன்மேல் சாணம் போடுவதுமாக இருந்தது. மூன்று நான்கு நாளில் அது வெகுவாகத் தணிந்தது. அதே பண்ணையில் அறைகளுக்கு நடுவே, தலையும் கழுத்தும் நுழையும்படி இடைவெளிவிட்ட நெடுங்கம்பிகள் கொண்ட தடுப்பையும் சோதித்தார்கள். இரண்டு ஆண் குதிரைகள் தடுப்பின் வழியாக ஒன்றையொன்று சொறிந்துகொண்டன.

நம்மில் எல்லோரும் ஆண் குதிரைகளைக் கூட்டமாக விட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு நிலமும் அனுபவமும் வேண்டும். ஆனால் அந்தத் தடுப்பு ஒரு வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலைதான். இனவிருத்திக்கு வைக்காத ஆண் குதிரை என்றால் காயடித்துவிட்டு மற்ற குதிரைகளோடு விடுவது அதற்குச் செய்யும் பெரிய நன்மை. பெருமை நமக்கு, தனிமை அதற்கு என்ற நிலை முடிவுக்கு வரும்.

உங்கள் நிலைக்கு எது

ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரு விலையுயர்ந்த குதிரைக்குப் பதில் சாதாரணக் குதிரை இரண்டு வாங்குங்கள், வேலி போடுங்கள், நிழல் போடுங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள். இரண்டாவது குதிரைக்கு வழியே இல்லை என்றால் கழுதையோ வெள்ளாடோ ஓரளவுக்குத் துணையாகும். குதிரைக்கு ஈடாகாது, வெறுமைக்குப் பரவாயில்லை. பத்து இருபது சென்ட் மட்டும் இருந்தால் இரண்டு அறை, நடுவில் கம்பித் தடுப்பு, அறைக்கு முன்னால் திறந்த முற்றம் என்று கட்டி, கதவைப் பெரும்பாலும் திறந்தே வையுங்கள். மேய்ச்சல் இருக்காது, ஆனால் தட்டும் நடையும் துணையும் கிடைக்கும்.

ஏற்கெனவே அறையில் இருக்கும் குதிரையை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். உலர்தட்டிலிருந்து பச்சைப் புல்லுக்குத் திடீரென்று போனால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும். முதல் நாள் அரை மணி, அடுத்து ஒரு மணி என்று இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டமும் கட்டை கடிப்பதும் உடனே போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில குதிரைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றம் பலன் தருகிறதா என்று பார்க்க வேறு அடையாளங்கள் உண்டு: காலையில் வாலிலும் விலாவிலும் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா, அதாவது ராத்திரி படுத்ததா; நீங்கள் போகும்போது காதை மடக்காமல் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா; இன்னொரு குதிரையோடு வாலும் தலையுமாக நின்று ஈ ஓட்டிக்கொள்கிறதா.

நகரத்தில் இருப்பவர்கள் சவாரிப் பள்ளியிலோ தனியார் லாயத்திலோ மாதக் கட்டணத்துக்கு விடுவதுதான் வழக்கம். அங்கே போனால் லாயத்தின் வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். பகல் இரண்டு மணிக்குப் போய், வரிசையாக நடந்து, தொட்டிகளில் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குதிரை நாளைக்கு எத்தனை மணி நேரம், யாரோடு வெளியே இருக்கிறது என்று கேளுங்கள். “தினமும் சவாரி போகுதே சார்” என்று பதில் வந்தால் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். அதற்கும் நேரான பதில் இல்லை என்றால் அடுத்த லாயத்தைப் பாருங்கள். எந்த லாயமும் சரியாக அமையவில்லை என்றால், சொந்தக் குதிரை இல்லாமலே, நன்றாக வைத்திருக்கும் ஒரு பண்ணைக்கு வாரம் ஒருமுறை போய்ச் சவாரி செய்யலாம். அதுவும் குதிரை மேல் பிரியம் வைப்பதில் சேர்ந்ததுதான்.